பதினோரு வாரச் சிவப்பு

காட்டு நடுவே, மண் மூடிய சுரங்கத்தின் கடைசி அறை.
மேலே புல். புல்மேல் இந்நேரம் மான் நடக்கலாம்.
மேற்கே எங்கோ ஆரே ஆறு பனிமூட்டத்தோடு போகிறது.
இரவு இரண்டு பத்து.
எங்களுக்கு ஒதுக்கிய ஐந்து இரவுகளில் இது நான்காவது.

சீசாவில் என் சிவப்பு.
பதினோரு வாரம் காய்ச்சி, வடித்து, உலர்த்தி,
இரண்டு முறை பாழாகி
மூன்றாம் முறை குடுவையின் அடியில் ஒட்டிய படிகம்.
ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒற்றை இரும்பணு,
அதைச் சுற்றி ஆறு பிடி.
ஒளி பட்டால் இரும்பு ஓர் எலக்ட்ரானை
வெளியே தூக்கிக் கொடுக்கும்.
கொஞ்ச நேரம் அது வெளியே நிற்கவேண்டும்,
அவ்வளவுதான் நான் கேட்டது.
நின்றால் கூரைகளில் மலிவாக வெயில் பிடிக்கலாம்,
ருத்தேனியத்துக்குக் கொட்டும் பணம் மிஞ்சும்.
மானிய விண்ணப்பத்தில் இதைவிட அழகாக எழுதியிருந்தேன்.

மயிரிழைத் தாரையாக விழுகிறது.
நொடிக்கு நூறு முறை
பச்சை ஒளி ஒரு தட்டு,
பின்னாலேயே எக்ஸ் கதிர் ஒரு தட்டு.
இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில்
ஒளியே ஓடினாலும் அரை மயிர் அகலம் தாண்டாது.
அடுத்த தட்டு வருவதற்குள்
யாரும் பார்க்காமலே கீழே போய்விடுகிறது
என் பதினோரு வாரத்தில் ஏறக்குறைய எல்லாமே.
கழிவுக் குப்பியில் சேர்வதும் அதே சிவப்பு.
எனக்கு இது பழகவில்லை.

லடினா பூஜ்யத்தைத் தேடுகிறாள்.
இரண்டு ஒளியும் ஒன்றாய் வந்து சேரும் கணம்
நேற்றுப் பிடித்த இடத்தில் இன்று இல்லை.
சுரங்கத்தில் வெப்பம் ஒரு டிகிரியில் பத்திலொன்று ஏறியதாம்,
அதற்கே காலம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டது.
கண்ணாடியை முன்னே தள்ளுகிறாள், பின்னே இழுக்கிறாள்,
எங்கடின் பள்ளத்தாக்கின் மொழியில் எதையோ திட்டுகிறாள்,
யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில்.

மூன்று மணிக்கு நுனி அடைத்துக்கொண்டது.
தாரை வளைந்தது, துப்பியது, நின்றது.
கதவைத் திறக்கப் பத்து நிமிடம்,
உள்ளே ஆளில்லை என்று தேடிப் பூட்டப் பத்து நிமிடம்.
யூர்க் ஊசிமுனையை விளக்கருகே தூக்கிப் பார்த்து
"உறைந்திருக்கிறது" என்றான், காயத்தைப் பார்த்துச் சொல்கிறவன் போல.
அசிட்டோனில் முக்கினான்.
முக்கிய நேரத்தில் மகனுக்குப் பல் முளைத்த கதை.

நான்கு இருபது.
திரையில் தட்டையாக ஒரு கோடு, கோடெங்கும் இரைச்சல்.
ஆயிரம் தட்டு. பத்தாயிரம்.
ஏழாயிரத்துச் சொச்சம் எலக்ட்ரான் வோல்ட்டில்
யாரோ விரலால் அமுக்கினதுபோல ஒரு குழி.
லடினா நாற்காலியைவிட்டு எழவில்லை,
கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள்.
பிடித்துக்கொண்டேன்.

பிறகு இடைவெளியைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தோம்.
ஒளி படுகிறது.
எலக்ட்ரான் வெளியே போகிறது.
நூற்றிருபது ஃபெம்டோ நொடி.
திரும்பி வந்துவிட்டது.
ஆறு பிடியும் தளர, நைட்ரஜன்கள் சற்றே விலக,
உலகத்து மற்ற மலிவு இரும்புகள் போலவே
உப்பி நின்றது.
நொடி என்று சொல்ல வாயெடுக்கும் முன்பே
நொடித்துப்போனது என் சிவப்பு.

யூர்க் எட்டிப் பார்த்தான். "நல்ல செய்தியா?"
"நல்ல படம்" என்றேன்.

ஆனால் குழியின் ஓரத்தில் ஒரு நடுக்கம் இருந்தது.
முதலில் இரைச்சல் என்று நினைத்தோம்.
மறுபடி எடுத்தோம், அங்கேயே இருந்தது.
பிடி தளர்ந்த பின்னும் அந்த ஆறும்
நீண்டு சுருங்கி, நீண்டு சுருங்கி,
மூன்றாம் முறை அரைமனதாய் நீண்டு
அடங்குகின்றன.
இதை நான் கேட்டிருக்கவில்லை.
விண்ணப்பத்தின் எந்தப் பக்கத்திலும் இது இல்லை.

மிச்சம் எட்டு மில்லிலிட்டர்.
நாளைக்கு வைக்கலாமா என்கிறாள் லடினா.
நான் ஏற்கெனவே ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.
கையுறையில் எங்கோ ஓட்டை போல,
சுட்டுவிரல் நுனி சிவந்திருக்கிறது.